ஒன்றுக்கு நாலு

...ஒன்றுக்கு நாலு என்றால் அஞ்சில் ஒன்று, அப்படித்தானே அனந்தகிருஷ்ணன் சார் சொன்னார், இதே ஆட்டத்தை அஞ்சு தடவை ஆடினால் ஒரு தடவை இந்தியா ஜெயிக்கும், நாலு தடவை பிரான்ஸ் ஜெயிக்கும், ஆனால் ஆடுவது ஒரே ஒரு தடவைதானே, அதுவும் நேற்று ராத்திரியே லண்டன் ஒலிம்பிக்கில் ஆடி முடித்துக் காலைக் கழுவிக்கொண்டு பயல்கள் படுத்திருப்பார்கள், முடிவு என்னவோ வந்துவிட்டது, தாராவிக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை... சொரிமுத்து வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தான். மழை விட்டிருந்தது. தோல் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றாலும் அந்த வாடைக்கு விடுமுறை கிடையாது, சுண்ணாம்பும் ஊறிய தோலும் மழைத்தண்ணீரும் கலந்து சந்தெல்லாம் நின்றது. மாட்டுங்காவில் அனந்தகிருஷ்ணன் சார் வீட்டில் ரேடியோ இருக்கிறது, எட்டு மணிச் செய்தியில் சொல்லிவிடுவார்கள், வாசலில் நின்று கேட்டுக்கொள்ளலாம். கிளம்பும்போது பெண்டாட்டி பேராச்சி வழிமறித்தாள், "ஞாயித்துக்கெளமையும் அதுவுமா எங்க இப்படி ஓடுதிய? நீங்களா லண்டன்ல பந்தடிச்சிய?" என்று கேட்டாள், என்ன சொல்வது, ஹனீப் இங்கே இருப்பானா கராச்சிக்குப் போய்விடுவானா என்று ரேடியோவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றா?

சொன்னால் அவள் சிரிப்பாள். இல்லை, சிரிக்க மாட்டாள், அழுவாள், அவளுக்கும் ஹனீப் என்றால் கூடப் பிறந்தவன்தான். ஒரே கம்பெனியில் பதினைந்து வயதிலிருந்து இரண்டு பேரும் தோல் உரசுகிறவர்கள், ஒரே டீமில் பந்து ஆடுகிறவர்கள், ஹனீப் கோல் காப்பான், சொரிமுத்து முன்னால் ஓடுவான், வெறுங்கால்தான், லண்டனுக்குப் போன பயல்கள்கூடப் பாதிப்பேர் வெறுங்காலோடுதான் ஆடுவார்களாம், அதைக் கேட்டதும் ஹனீப்புக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்தில்தான் அப்படி ஒரு வார்த்தை சொன்னானோ? போன மாதம் கம்பெனிக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னான். அவனுடைய அண்ணன் மன்சூர் அலி நாடு பிரிந்ததும் போன வருஷமே கராச்சிக்குப் போய்விட்டார், அங்கே தோல் வியாபாரம் வைத்திருக்கிறார், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தம்பியை வரச் சொல்லு, வரச் சொல்லு என்று சொல்லி அனுப்புகிறார். இப்போது பர்மிட் என்று ஒன்று போட்டுவிட்டார்கள், போனால் திரும்பி வருவது லேசில்லை, போவதானால் ஒரேயடியாகப் போவதுதான். ஹனீப் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "மாப்ள, எனக்கு யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சு போச்சு. நம்ம பயலுவ பிரான்ஸை ஜெயிச்சுட்டானுவன்னா இங்கனயே கெடக்கேன். தோத்துட்டானுவன்னா நோம்புப் பெருநா கழிஞ்சதும் கப்பல் ஏறிருதேன். சரிதானா?" சொரிமுத்து சிரித்துக்கொண்டு, "சரி" என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? விளையாட்டுக்கு என்று நினைத்தான். நாலு நாள் கழித்து ஹனீப் தன் வீட்டில் வைத்து மறுபடியும் அதையே சொன்னான், அப்போது இவன் சிரிக்கவில்லை, ஹனீப் பெண்டாட்டி பாத்திமுத்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், அவளும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். லீக் ஆட்டம் என்றால் ஒன்று போனால் இன்னொன்றில் பார்த்துக்கொள்ளலாம், இது தோற்றால் மூட்டை கட்டுகிற ஆட்டம், மறு ஆட்டம் கிடையாது. யார் ஜெயிப்பார்கள் என்று யாரைக் கேட்பது? கம்பெனியில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாயால் சொல்வதெல்லாம் ஒரு சொல்லா, துட்டை வைத்துச் சொல்கிறவன் சொல்வதுதான் சொல் என்று எவனோ சொல்லப்போக, லேபர் கேம்ப் முனையில் இரானி ஓட்டலில் உட்கார்ந்து பந்தயம் பிடிக்கிற பூலோகத்திடம் போய் நின்றான். பருத்தி விலையில் பந்தயம், குதிரையில் பந்தயம், மழை பெய்யுமா என்பதில்கூடப் பந்தயம் பிடிக்கிற ஆள் பூலோகம், சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். "பாவ் என்ன அண்ணாச்சி?" என்று பந்தய விலையைக் கேட்டால், "இந்தியாவுக்கு ஒண்ணுக்கு நாலு, எவ்வளவு போடுதே?" என்பார். போடுவதற்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்றால் அவருக்குப் புரியவில்லை. "பாவ் தெரிஞ்சு என்னடே செய்யப் போற? அது என்ன ராசிபலனா?" ஆமாம், அவனுக்கு அது ராசிபலன்தான். வேலை முடிந்ததும் தினமும் போனான், நாலு, நாலு, நாலே கால்... நாலே கால் என்றால் ஜெயிப்பது இன்னும் தூரம் போய்விட்டது, யாருக்கு என்ன தெரிந்துவிட்டது, லண்டனில் யாருக்காவது காலில் அடிபட்டுவிட்டதா, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அஞ்சில் ஒன்று என்று கணக்குச் சொன்னது அனந்தகிருஷ்ணன் சார்தான். பருத்திக் கம்பெனியில் குமாஸ்தா, பாலக்காட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு விசில் ஊத வருவார். "பாவுன்னா என்ன தெரியுமோ சொரிமுத்து? நாலு பேர் மனசில இருக்கறதைக் கூட்டி ஒரு நம்பராப் போட்டது. அவ்வளவுதான். நடக்கப் போறதை அது சொல்லாது. நடக்கும்னு எத்தனை பேர் பயப்படறா, எத்தனை பேர் ஆசைப்படறாங்கறதைத்தான் சொல்லும்." அதைக் கேட்டதிலிருந்து சொரிமுத்து அஞ்சு ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்ள ஆரம்பித்தான், அஞ்சு காலைகள், அஞ்சு ஹனீப்கள், நாலு பேர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறார்கள், ஒருத்தன் மட்டும் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஏலே, பந்தைப் போடுல" என்கிறான். அந்த ஒருத்தனை எப்படிப் பிடித்து வைப்பது? நேற்றுச் சாயங்காலம் பாவ் நாலிலிருந்து மூன்றாக இறங்கியது. அப்படியே ஆடிப்போய்விட்டான், மூன்றா, நாலில் ஒன்றா, ஜெயிக்கப் போகிறோமா! பூலோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சேதி வந்துச்சு அண்ணாச்சி, சொல்லுங்க" என்றான். பூலோகம் கையை உதறிக்கொண்டார். "ஒரு சேதியும் வரல. நம்ம தேசம் நம்ம தேசம்னு கண்டவன்லாம் வந்து ஆளுக்கு ஒரு ரூபா போடுதான். பாசத்துல போடுத துட்டுடே இது, வெவரத்துல போடுததில்ல. அதான் பாவ் எறங்குது." பாசத்தில் போட்ட துட்டு. அது பந்தைக் கொண்டுபோய் வலைக்குள் போடுமா? போடாதா? ராத்திரி முழுக்கக் கூரையில் மழை, பேராச்சி தூங்கிவிட்டாள், அவன் தூங்கவில்லை.

இரானி ஓட்டல் வந்துவிட்டது. தாண்டிப் போய்விடலாம், சார் வீட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, எட்டு அடிக்கப் போகிறது. ஆனால் கண் தானாக உள்ளே போனது, அங்கே பூலோகம் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார், எதிரில் யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு. சொரிமுத்து அப்படியே தெருவில் நின்றுவிட்டான். ஊர் முழுக்க இந்தியா மேல் போட்டிருக்கிறது. இந்தியா ஜெயித்திருந்தால் ஊருக்கெல்லாம் ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு மூன்று என்று அள்ளிக் கொடுக்க வேண்டும், பூலோகம் இந்நேரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்யாணுக்கு ரயில் ஏறியிருப்பார். பன் தின்கிறார். சிரிக்கிறார். ரேடியோ எதற்கு இனி... இல்லை, வேறு எதற்காவது சிரிக்கலாம், மனுஷன் எத்தனையோ விஷயத்துக்குச் சிரிப்பான், இன்னும் சேதியே வராமல் இருக்கலாம்... "என்னடே அங்கனயே நின்னுட்டே? வா, வா" என்று பூலோகமே கூப்பிட்டார். "பேப்பர் ஆபீஸ்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், விடிய முன்னாலயே சொல்லிட்டான். ரெண்டுக்கு ஒண்ணு. கடைசி நிமிஷம் வரைக்கும் சமமா நின்னுருக்கானுவ, கடைசில பிரான்ஸ்காரன் ஒண்ணைப் போட்டுட்டான். ரெண்டு பெனால்டி கெடச்சு ரெண்டையும் தொலைச்சிருக்கானுவடே! ரெண்டையும்!"

இரண்டு பெனால்டி. சொரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்தான். அதில் ஒன்று உள்ளே போயிருந்தால்... எவனோ ஒருவன், பெயர்கூடத் தெரியாத ஒருவன், கடல் தாண்டி எங்கேயோ பந்தை வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய் ஓடி வந்து உதைத்தான், அவனுக்கு ஹனீப்பைத் தெரியுமா, பாத்திமுத்துவைத் தெரியுமா, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளைத் தெரியுமா, கால் கொஞ்சம் சறுக்கிவிட்டது, அவ்வளவுதான், கப்பல். பூலோகம் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஒன் கூட்டாளி ஒருத்தன் உண்டுல்லா, கோல்கீப்பர், ஹனீப்பு, அவனை வந்து துட்டை வாங்கிக்கிடச் சொல்லு" என்றார். என்ன துட்டு? ஹனீப்பா? அவன் ஒருநாளும் பந்தயம் கட்டியதில்லை, அதுவும் நோன்பு மாதத்தில், எச்சில்கூட விழுங்காமல் இருக்கிறவன்... "பிரான்ஸ் மேலயா போட்டான்?" என்று கேட்டபோது சொரிமுத்துவின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. போகத்தான் ஆசைப்பட்டானா? முன்னாலேயே தீர்மானித்துவிட்டுத்தான் என்னிடம் ஆட்டம், ஆட்டம் என்றானா? பூலோகம் தலையை ஆட்டினார். "அதை ஏன் கேக்க. பிரான்ஸ் மேல ஒரு ரூபா, இந்தியா மேல ஒரு ரூபா. ஏண்டே இப்படின்னு கேட்டேன். 'எனக்குத் தெரியல அண்ணாச்சி, ரெண்டுலயும் எழுதிக்கிடுங்க'ன்னான். பாவமா இருந்துச்சு, எழுதிக்கிட்டேன்."

எட்டு அடித்தது எங்கேயோ. சொரிமுத்து மாட்டுங்காப் பக்கம் திரும்பவில்லை, வந்த வழியே தாராவியைப் பார்த்து நடந்தான், வேட்டியைத் தூக்கிப் பிடிக்க மறந்துபோய் ஓரமெல்லாம் சேறு. இரண்டிலும் எழுதிக்கொள்ளச் சொன்னானாமே. அப்படியானால் அவனுக்கும் தெரியவில்லை, அவனும் ராத்திரி முழுக்க மழையைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பான், யாராவது வந்து எதையாவது சொல்ல மாட்டார்களா என்று. மன்சூர் அலி அண்ணன் வா என்று சொன்னார், நூறு தடவை சொன்னார். இந்தப் பக்கத்திலிருந்து யார் என்ன சொன்னார்கள்? நான் என்ன சொன்னேன்? "சரி" என்றேன். பூலோகத்தைக் கேட்டேன், சாரைக் கேட்டேன், கம்பெனியில் பார்த்தவனையெல்லாம் பிடித்து இந்தியா ஜெயிக்குமா ஜெயிக்குமா என்று கேட்டேன், ஹனீப்பைப் பார்த்து இருடா என்று ஒரு வார்த்தை... ஏன் வரவில்லை? வாய் வரைக்கும் வரவில்லையே. பயம்தான், வேறென்ன. இரு என்று சொல்லி அவன் இருந்து, போன வருஷத்துக் கலவரம் மாதிரி ஒரு ராத்திரி மறுபடியும் வந்தால், சோடா பாட்டிலும் கத்தியுமாகத் தெருவில் ஓடினால், அப்போது அந்த இரண்டு குழந்தைகளுக்கும் யார் பதில் சொல்வது? பந்து சொல்லட்டும் என்றல்லவா நானும் இருந்துவிட்டேன், அவனுக்கு எவ்வளவு வசதியாக இருந்ததோ எனக்கும் அவ்வளவு வசதியாகத்தான் இருந்திருக்கிறது அந்த ஆட்டம்...

ஹனீப் தன் ஒற்றை அறைக் கோலிக்கு வெளியே ஒரு பெட்டி மேல் ஏறி நின்று கூரைத் தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறவன் கூரைக்கு ஏன் ஒட்டுப் போடுகிறான்? அப்படியென்றால் இருக்கிறானா? இல்லை, பாத்திமுத்து ஒழுகுகிறது என்று சொல்லியிருப்பாள், ஒரு வாரம் என்றாலும் ஒழுகுகிற இடத்தில் குழந்தைகள் எப்படிப் படுக்கும்... ஹனீப் மேலிருந்தபடி அவன் முகத்தைப் பார்த்தான். சுத்தியல் நின்றது. "தோத்தாச்சா?" என்றான். நோன்பில் உதடு காய்ந்திருந்தது.

"ஆமா. ரெண்டுக்கு ஒண்ணு. ரெண்டு பெனால்டியை விட்டுட்டானுவ."

"ரெண்டையுமா? அட பாவியளா!" ஹனீப் சிரித்தான், கோல் காக்கிறவனுக்கே உரிய சிரிப்பு, அந்தப் பிரான்ஸ்காரக் கோல்கீப்பருக்காகக் கொஞ்சம் சந்தோஷப்பட்டான் என்றுகூடத் தோன்றியது. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி மாப்ள. அப்பம்..."

"போகாதல" என்றான் சொரிமுத்து.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "இதைச் சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளாச்சாக்கும்" என்றான் ஹனீப், கோபமாக இல்லை, தகரத்தை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தான். பிறகு, "சரி, இருக்கேன்னே வச்சுக்கிடு. இருந்து, இந்தப் பிள்ளையளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று கேட்டான். குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்கிற கேள்வி. சொரிமுத்து வாயைத் திறந்தான். நான் இருக்கேன் என்று சொல்லலாம், சொல்லத்தான் நினைத்தான், ஆனால் நான் இருந்து என்ன செய்வேன், ஒற்றை ஆள், தெருவே திரண்டு வந்தால்... ராத்திரி பூராவும் இருந்ததைவிட இப்போதுதான் நெஞ்சு அதிகம் அடித்துக்கொண்டது, அவனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது, ஆட்டம்தான் முடிந்துவிட்டதே.

தூறல் போட ஆரம்பித்தது. ஹனீப் குனிந்து கையை நீட்டி, "அந்த ஆணியை எடு" என்றான். சொரிமுத்து எடுத்துக் கொடுத்தான், பெட்டி ஆடியது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மேலே சுத்தியல் சத்தம் மறுபடியும் கேட்டது. இருக்கிறேன் என்கிறானா, மழை வருகிறது என்று அவசரப்படுகிறானா? நிமிர்ந்து பார்த்தால் ஹனீப் முகத்தில் பதில் தெரிந்துவிடும். அவன் நிமிரவில்லை, பெட்டியைப் பிடித்தபடியே நின்றான்.