ஹாத்தோரின் விரல்

ராஜா இருமத் தொடங்கியதுமே மேஸ்திரி பஷேது என் ஏணிக்குக் கீழே வந்து நின்றான்.

"ஆழமா வெட்டாதடா, இப்புய். மேலாப்புல செதுக்கு. நாளைக்கு வழிச்செடுக்க லேசா இருக்கும்."

கோயில் சுவரில் ராஜாவின் முகத்தைப் பாதி முடித்திருந்தேன். அடுத்து ராஜாவாக வரப்போவது அவருடைய தம்பி. அவருக்கு அண்ணனைக் கண்டால் ஆகாது என்பது எங்கள் ஊர்க் கழுதைக்கும் தெரியும். வந்ததும் முகத்தை அழிக்கச் சொல்வார். முதல் உளி மூக்கில்தான் விழும். செத்த ராஜா சுவரில் இருக்கும் மூக்கால்தான் மூச்சு விடுவார்; மூக்கு போனால் மூச்சு போச்சு. செத்தவர் இன்னொரு தடவை சாவார்.

ராஜா மேல் எனக்குப் பாசம் கிடையாது. அவரை நான் பார்த்ததே இல்லை. அரண்மனை அனுப்பிய மாதிரிக் கல்லைப் பார்த்துத்தான் செதுக்கினேன். அவர் ஆட்சியில் எங்களுக்குக் கூலியாக வந்த பீர் வெறும் தண்ணீர். ஆனால் அந்தக் கன்னம் நான் வெட்டியது. உதட்டோரம் இறங்கும் அந்தச் சரிவு வேறு எவனுக்கும் வராது. அதை எவனோ சுரண்டுவதை நான் பார்க்கப்போவதில்லை.

ராஜாவுக்கு எதிரே ஹாத்தோர் தேவி. சிவப்புக் கோட்டில் வரைந்து கொடுத்திருந்தபடி அவள் கை ராஜாவின் தோளில் இருக்க வேண்டும். நான் கையை மேலே ஏற்றினேன். விரல்கள் உதட்டை உரசி, அவற்றின் நுனி ராஜாவின் மூக்கின் மேலேயே படியும்படி வெட்டினேன். ஆழமாகத்தான்.

பக்கத்தில் கல் தேய்த்துக்கொண்டிருந்த கென்னா எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, தேவி சளி சிந்தி விடுறாளா?"

"ராஜாவுக்கு இருமல் இல்லையா, அதான்."

"கைய வெட்டிருவாங்கடா."

"வெட்டட்டும். அப்புறம் யாரு செதுக்குவா, நீயா?"

ராஜா செத்தார். தம்பியின் ஆணையோடு பஷேது வந்தான்.

"நீ செதுக்குனத நீயே அழி."

"முடியாது, மேஸ்திரி."

கென்னாவைக் கூப்பிட்டான். கென்னாவுக்குத் திடீரென்று வயிறு வலித்தது. பஷேது என் உளியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே போன பிறகுதான் விரலைப் பார்த்தான். உளியை இப்படி வைத்தான், அப்படி வைத்தான். எப்படி வைத்தாலும் தேவியின் விரலைத் தொடாமல் மூக்கைத் தொட முடியவில்லை.

"உங்க வீட்டுல மாசமா இருக்காங்கல்ல, மேஸ்திரி?" என்றேன்.

பிரசவத்துக்குக் காவல் ஹாத்தோர்தான். பஷேது உளியை இடுப்பில் செருகினான். பிறகு இறங்கி வந்தான்.

"நாய்ப் பயலே. தெரிஞ்சுதான் செஞ்ச."

"தெரியாம நான் ஒரு கோடுகூட வெட்டுனதில்ல."

முகத்துக்குக் கீழே இருந்த ராஜாவின் பேரை மட்டும் சுரண்டிவிட்டுத் தம்பியின் பேரை வெட்டினார்கள். என்னை மலைக்குக் கல்லுடைக்க அனுப்பினார்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே யார் பேர் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். முகம் நான் செதுக்கியது.