அந்தோணியார் நனைந்த வியாழக்கிழமை

அந்தோணியம்மாளுக்குக் கோபம் வந்தால் தெருவில் நாய்கூட ஓரமாகப் போகும். அன்றைக்கு ஓரமாகப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர் புனித அந்தோணியார். அலமாரியில் நின்றிருந்த ஒரு முழ உயரச் சுரூபத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். கொட்டுகிற மழையில், வாசலில் துணி துவைக்கிற கல்லின்மேல் டொக்கென்று நிறுத்தினாள்.

“நில்லு. நல்லா நனை. எங்க உப்பு எப்படிக் கரைஞ்சிதுன்னு உனக்கும் தெரியட்டும்.”

உள்ளே வந்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பிப் போனாள். அந்தோணியார் கையில் இருந்த குழந்தை யேசுவின் தலையில் மட்டும் ஒரு காலிப் பால் கவரை மாட்டிவிட்டாள்.

“இது இன்னா பாவம் பண்ணுச்சி, பச்சப்புள்ள.”

வேறு நாளாக இருந்தால் மருமகள் பிரியதர்ஷினி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லின்மேல் நிற்கவேண்டிய ஆள் அவர் இல்லை, தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

கதை ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டது. இரும்பையில் வேர்க்கடலை விவசாயம் பார்க்கிற சகாதேவனின் ஒரே மகள் பிரியதர்ஷினி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவந்த மரக்காணத்து ஜான்சனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். சகாதேவன் கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு போன்கூடப் பண்ணவில்லை. எட்டு மாதம். அந்த மனுஷன்தான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

“பாப்பா, நெலத்த ஓட்டிப் போட்டு இருபது நாளாச்சு. வெத மல்லாட்டைய உடைச்சு வெச்சிருக்குது. வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. உங்க ஊட்டு சாமி கேட்டதெல்லாம் குடுப்பாராமே, கொஞ்சம் கேட்டுத்தான் பாரேன்.”

குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று யாருக்குத் தெரியும்? எட்டு மாதம் கழித்து அப்பா வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறார். மழை என்ன, சுனாமி கேட்டிருந்தாலும் பிரியதர்ஷினி ஏற்பாடு பண்ணியிருப்பாள்.

அந்த வீட்டில் சாமியிடம் எதைக் கேட்பதற்கும் ஒரு முறை இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருடைய நாள். தாலுகா ஆபீஸ் மாதிரிதான், ஒரு மெழுகுவத்திக்கு ஒரு மனு, முதலில் ஏற்றுகிறவர் மனு முதலில். கல்யாணமான வாரமே மாமியார் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவளுடைய மனு முப்பது வருஷமாக ஒன்றுதான். தை மாதம் உப்பளத்தில் பாத்தி கட்டியதிலிருந்து புரட்டாசி வரைக்கும் ஒரு சொட்டு விழக்கூடாது. ஐப்பசி பிறந்ததும் அவளே வாசலில் நின்று, “சரி, இப்ப பெஞ்சிக்க” என்று வானத்துக்கு உத்தரவு கொடுப்பாள். வெயில் காலமும் மழைக் காலமும் தன் உத்தரவில்தான் மாறுகின்றன என்ற நினைப்பு அவளுக்கு.

செவ்வாய் விடியற்காலை, மாமியார் பல் விளக்கப் போன நேரத்தில், பிரியதர்ஷினி மெழுகுவத்தியை ஏற்றினாள். “அந்தோணியாரே, நான் ஊருக்குப் புதுசு. எங்கப்பாவுக்கு ஒரே ஒரு மழ குடுங்க” என்றாள். ஊதி அணைத்து, மிச்சத் துண்டை அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் ஒளித்தாள். அரைமணி நேரம் கழித்து மாமியார் வந்து ஏற்றி, “ஒரு சொட்டு கூடாது” என்று வழக்கம்போல் மிரட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மேற்கே கறுத்தது. ஜான்சன் வேலைக்குப் போயிருந்தான், அவளுக்கு வார லீவு. மாமியாரும் மருமகளும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினார்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. வரப்பின்மேல் வாரிக் குவித்திருந்த நாலு குவியலில் ஒன்றைத்தான் மூட முடிந்தது. மற்ற மூன்றும் கண்ணெதிரே பாத்திக்குள் ஒழுகிப் போயின. பத்து நாள் வெயிலில் வெந்து வாரிய உப்பு. அந்தோணியம்மாள் அழவில்லை. நேராக வீட்டுக்கு வந்தாள், சாமியைத் தூக்கினாள்.

இப்போது பிரியதர்ஷினி கதவோரம் நின்று அந்தப் பால் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் வீட்டில் இருக்கவிடுவாளா? சொல்லாவிட்டால் அந்தோணியார் முகத்தில் எப்படி முழிப்பது? இவ்வளவு கோபத்திலும் குழந்தை நனையக்கூடாது என்று திரும்பிப் போனவள் ஆயிற்றே. அந்தப் பால் கவர்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து மெழுகுவத்தித் துண்டை எடுத்துவந்து நீட்டினாள்.

“அத்தை, அவர உள்ள எடுத்துட்டு வாங்க. மழ நான்தான் கேட்டேன். அப்பாவுக்கு வெதைக்கணும்னு.”

அந்தோணியம்மாள் துண்டை வாங்கி மோந்து பார்த்தாள். சீரக வாசனை அடித்தது.

“எத்தினி மணிக்கு ஏத்துன?”

“அஞ்சு மணிக்கு.”

“நான் அஞ்சரைக்கு.” அந்தோணியம்மாள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். “யோவ்! முப்பது வருசமா முட்டி தேய நான் கேக்கறேன், ஒரு வருசமாச்சும் முழுசாக் கேட்டியா? நேத்து வந்தவ ஒருவாட்டி கேட்டாளாம், தொறந்து உட்டுட்டியே! அவ்ளோ எளக்காரமாப் பூட்டனா நானு?”

அவள் கோபம் உப்புக்காக இல்லை, பொறாமையில் என்று பிரியதர்ஷினிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

“இன்னாடி இளிக்கற? வர்ற செவ்வாக்கெழம நீயே ஏத்து. உன் பேச்சத்தான் கேக்கறாரு. மரக்காணத்துக்கு வெயிலு, இரும்பைக்கு மழ. ஊர் பேரத் தெளிவாச் சொல்லு. வயசான மனுசன், எடம் தெரியாம ஊத்திட்டாரு.”

சொல்லிக்கொண்டே மழையில் இறங்கி, அந்தோணியாரைத் தூக்கிவந்து முந்தானையால் முகம் துடைத்தாள். காதுமடல் வரைக்கும் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

“பாப்பா!” சகாதேவன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. “செம மழ! காலைல வெதைக்கப் போறேன். நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன், நெசமாவே கேட்டியா?”

அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டாள். எட்டு மாதத்தில் சம்பந்திகள் பேசிய முதல் பேச்சு அது.

“சம்பந்தி, நான் அந்தோணியம்மா. எங்க மூணு குவியல் உப்பக் கரைச்சுட்டுப் பெஞ்ச மழங்க இது. ஒரு வெதகூட வீணாக்கிடாதீங்க. புடுங்கனதும் மொத மூட்டைய நீங்களே தூக்கிக்கினு இங்க வரணும். வந்தா அவிச்சுத் துன்னலாம். மல்லாட்ட உங்களுது, உப்பு எங்களுது.”

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் மாதங்களை எண்ணுவது கேட்டது.

“அதுக்கு மூணு மாசம் ஆவுங்களே,” என்றார் சகாதேவன். “புள்ளையப் பாக்கணும். வெதைச்சுட்டு ஞாயித்துக்கெழம வெறுங்கையோட வந்தா, உள்ள உடுவீங்களா?”