களஞ்சியத்து மேலே ஆட்டுக்குட்டி

செஞ்சிக் கோட்டைமேல் மேகம் கவிந்து வெளிச்சம் சட்டென்று மங்கியபோது மஜீதின் மகன் ஃபர்தீனைக் காணவில்லை.

அவலூர்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் மஜீத், பள்ளி விடுமுறை என்று கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு மனைவி ஜெஸிமாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தான். இன்று கோட்டை, நாளை புதுச்சேரிக் கடற்கரை. ஆனால் கடையை விட்டு வந்தவன் சிடுசிடுப்பை விட்டு வரவில்லை. மதியம் கல்யாண மகால் கோபுர நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபர்தீனின் கை பட்டு பிரியாணி டப்பா கவிழ்ந்தது. மஜீத் கையை ஓங்கினான். ஜெஸிமா குறுக்கே வந்ததால் அடி விழவில்லை. சிந்திய சோற்றைக் குரங்குகள் பொறுக்கித் தின்றன. பையன் அப்புறம் அத்தா பக்கமே வரவில்லை.

அவனைத் தேற்றத்தான் ஜெஸிமா கண்ணாமூச்சி ஆட்டத்தைத் தொடங்கினாள். "நீங்களும் வாங்களேன்."

"நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று மஜீத் கைப்பேசியில் கடையாளை அதட்டப் போய்விட்டான்.

ஒளிந்த மகள் அப்ஸானா பிடிபட்டுவிட்டாள். ஆறு வயதுத் தம்பி மட்டும் அகப்படவில்லை.

"டேய் ஃபர்தீன்! வர்றியா இல்லியா?"

மஜீதின் குரல் மதிலில் மோதி வேறு யாரோ அதட்டுவது போலத் திரும்பி வந்தது. காற்று நின்றுபோயிருந்தது. குரங்குகள் எங்கோ ஒடுங்கிவிட்டன. ராஜகிரி மலைக்கு மேலே இடி உருண்டது.

கோட்டைக் காவலாளி ஆதிமூலம் விசிலை வாயில் வைத்தபடியே வந்தார். "பாய், மழ வருது. ஜனமெல்லாம் எறங்கிட்டாங்க. நீங்க இன்னும் இன்னா பண்றீங்க?"

"பையனக் காணோம்ணே."

ஆதிமூலத்தின் கண்கள் தம்மையறியாமல் யானைக் குளத்துப் பக்கம் போய்த் திரும்பின. அந்தப் பார்வையை மஜீத் கவனித்துவிட்டான். குளத்தை நோக்கி இரண்டடி வைத்தான்.

"இங்க வாங்க!" நெற்களஞ்சியத்தின் வாசலிலிருந்து ஜெஸிமா கத்தினாள். அவள் காலடியில் ஃபர்தீனின் புது ஷூ, ஜோடியாக.

"நடந்தா லைட்டு எரியும்ல? இருட்டுல காட்டிக் குடுத்துடும்னு கழட்டிட்டான்," என்றாள் அப்ஸானா.

உள்ளே வௌவால் நாற்றம். வாசலில் நின்றபடியே மஜீத் மகனின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டான். பதில் இல்லை. ஆனால் மேலிருந்து ஒரு கல் நழுவி அவர்களுக்கு முன்னால் விழுந்தது.

பின்வாங்கி அண்ணாந்து பார்த்தார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மேல்தளத்தின் விளிம்பில் ஃபர்தீன் குந்தியிருந்தான். முதுகு இவர்கள் பக்கம். முகம் படிக்கட்டுப் பக்கம், அத்தா எந்த வழியாக வருவாரோ அந்த வழியைப் பார்த்து.

"எறங்குடா! எலும்ப ஒடச்சிருவேன்!"

நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. அந்தச் சின்ன முதுகு விளிம்பை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஜெஸிமா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்ஸானா தகப்பன் கையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீங்க அத்தா. நீங்க கத்துற வரைக்கும் அவன் வரமாட்டான். வூட்லயும் அப்டித்தான். உங்க வண்டி சத்தம் கேட்டா நாங்க பீரோ பின்னால பூந்துக்குவோம். அம்மா வந்து கூப்ட்டாத்தான் வருவோம்."

என் பிள்ளைகள் வீட்டில் இருப்பதே தெரியாது, அவ்வளவு மரியாதை என்று கடையில் பெருமை பேசியவன் மஜீத்.

ஆதிமூலம் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். "நான் ஊதல. நீங்க மெதுவா மேல போங்க பாய். அம்மா, அந்த விரிப்ப எடும்மா." மதியம் சாப்பிட விரித்த துணியை அவரும் ஜெஸிமாவும் அப்ஸானாவும் விளிம்புக்கு நேர் கீழே இழுத்துப் பிடித்தார்கள். அந்த உயரத்துக்கு அந்தத் துணி எம்மாத்திரம்! ஆனாலும் பிடித்தார்கள்.

மஜீத் இறைவனை அழைத்தபடி இருட்டுப் படிகளில் ஏறினான். மேலே அவன் தலை தெரிந்ததுமே பையன் பின்னுக்கு அசைந்தான். மஜீத் நின்றான். அப்படியே மண்டியிட்டுக் கைகளை ஊன்றினான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவன் நாக்கில் இருந்ததெல்லாம் அதட்டல்தான்.

"ம்மே," என்றான்.

பையன் இமைக்காமல் பார்த்தான்.

"ம்மே... என் குட்டியக் காணோமே. யாராச்சும் பாத்தீங்களா?"

கீழேயிருந்து ஆதிமூலம் கரகரத்த குரலில் கத்தினார்: "ம்ம்மே!"

பையன் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தான். பிறகு ஃபர்தீன் மெல்லச் சொன்னான்: "அது ஆடு இல்ல. எருமை."

"எருமையோட கன்னுக்குட்டியும் காணோமாம்."

"குட்டி வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"முட்டுவேன். இப்டி." மஜீத் தலையைக் குனிந்து ஆட்டினான்.

பையன் கைகளை ஊன்றித் தவழத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து மின்னல் வெட்டி இடி விழுந்தது. அவன் திடுக்கிட, ஒரு கால் விளிம்பைத் தாண்டி வெளியே போனது. மஜீதின் தொண்டை வரை வந்த அலறல், இறைவன் கருணை, "ம்மே" என்று மட்டும் வெளியே வந்தது. அவன் பாயவில்லை. இருந்த இடத்திலேயே தலையைக் குனிந்து காத்திருந்தான்.

முதல் மழைத்துளிகள் கல்லில் தெறித்தன. சின்ன நெற்றி ஒன்று அவன் நெற்றியில் வந்து முட்டியது.

மஜீத் மகனின் சட்டையைக் கொத்தாகப் பற்றினான். கீழே ஜெஸிமா அழும் சத்தம் கேட்டது.

"அடிப்பீங்களா?"

"ஆடு அடிக்காதுடா."

"ஆடு சரி. அத்தா?"

மழை வலுத்தது. "அடிக்கமாட்டேன்," என்றான் மஜீத்.

பையன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். நம்பலாமா என்று அவனுக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒரு நாளில் முடிவாகிற காரியமும் இல்லை அது.

"அப்போ கீழ போற வரைக்கும் ஆடாவே இருங்க."

மஜீத் ஆடாகவே இருந்தான். மகனைச் சுவரோரமாக அணைத்துக்கொண்டு, இருட்டுப் படிகளில் தவழ்ந்தபடி, நனைந்த கற்களில் உள்ளங்கை வழுக்க வழுக்க, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை கத்திக்கொண்டே இறங்கினான்.