ஆனந்தராஜுக்கு ஓய்வு

செஞ்சியில் இருந்துகொண்டு தொழில்முறைக் கால்பந்தைப் பற்றி எழுதுகிற ஒரே நிருபர் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு எவனுக்கும் இந்தக் கிறுக்கு இல்லை. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் கோயில் கூட்டம், மழை வந்தால் ஏரி உடைப்பு, மற்ற நாட்களில் சாலை மறியல் என்று பத்திரிகை என் தலையில் கட்டியது நிறைய. கால்பந்து மட்டும் நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் அண்ணன், "பந்து ஒதைக்கிறவனுக்கே சோறு இல்ல, அத எழுதுறவனுக்கு இன்னா கெடைக்கும்?" என்பார்.

நான் எழுதுவதெல்லாம் விழுப்புரம் பதிப்போடு சரி. சென்னைப் பதிப்பில் ஒரு தடவையாவது என் பெயர் வர வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே தலை நரைத்துவிட்டது. எனக்கு இருந்த ஒரே பிடி ஆனந்தராஜ். தொண்டூரில் விவசாயம் பார்க்கும் ராஜாங்கத்தின் மகன். சென்னையில் ஒரு தொழில்முறை அணியில் தடுப்பாட்டக்காரன். பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிய காலத்திலிருந்து அவனைப் பற்றி எழுதி வருகிறேன். அவனுக்கு நான் அண்ணன் முறை மாதிரி ஆகிவிட்டேன்.

இந்த சீசன் முடியும் தறுவாயில் அவனுடைய முழங்கால் திரும்பிக்கொண்டது. ஆபரேஷன் செய்து ஓய்வு கொடுத்தால் மறுபடி ஆடலாம் என்றார் டாக்டர். ஆனால் அடுத்த சீசனுக்கான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அது கையெழுத்தானால் ஆபரேஷனை அணியே பார்த்துக்கொள்ளும். ஆகாவிட்டால் காலும் போச்சு, ஆட்டமும் போச்சு.

"அண்ணா, திரும்பி வருவான்னு நல்லா எழுதுங்க," என்று போனில் கேட்டான். "டீம் மேனேஜர் பேப்பர் பாப்பாரு."

எழுதினேன். 'ஆனந்தராஜுக்கு ஓய்வு: அடுத்த சீசனில் திரும்புவார்' என்று தலைப்பும் நானே போட்டு அனுப்பினேன். அன்றைக்கென்று பார்த்து சென்னைப் பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலை காலியாகக் கிடந்திருக்கிறது. பக்கம் கட்டும் உதவி ஆசிரியர் குரு என் செய்தியை எடுத்து அங்கே செருகினான். இடமோ ஒற்றைப் பத்தி. தலைப்பின் பின்பாதியை வெட்டினான். அப்போதும் அடங்கவில்லை. பெயரோடு ஒட்டியிருந்த 'க்கு'வையும் வெட்டினான். 'ஆனந்தராஜ் ஓய்வு.' பிறகு தலைப்புக்குத் தோதாக, 'முழங்கால் காயத்தால் ஓய்வு பெறுகிறார்' என்று உள்ளேயும் திருத்திவிட்டான். ஓய்வு கொடுக்கப்பட்டவன் ஓய்வு பெற்றவனாகிவிட்டான். கீழே என் பெயர், ஊரோடு சேர்த்து, அந்தப் பக்கம் போகிற எல்லாப் பதிப்பிலும்.

காலையில் பஜாரில் எனக்குக் கை கொடுத்தார்கள். பேப்பரை நான் பிரிப்பதற்குள் ஆனந்தராஜ் கூப்பிட்டான்.

"இன்னாண்ணா இப்டி எழுதிட்டீங்க? 'நீயே முடிவெடுத்துட்ட, நல்லது'ன்றாரு மேனேஜரு. வேற ஆளப் பேசிட்டாங்களாம்."

"நான் அப்டி எழுதலடா."

"உங்க பேருதாண்ணா இருக்குது."

காயம்பட்டவனைக் கழற்றிவிட அவர்கள் ஒரு சாக்குக்குத்தான் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. அது என் பெயரில் வந்து சேர்ந்தது. குருவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "எடம் பத்தல சார், திருத்தம் போட்டுடலாம்," என்றான். போட்டான். விழுப்புரம் பதிப்பில், மேல்மலையனூர் சிறப்பு பஸ் செய்திக்கு அடியில். சென்னையில் அதை ஒரு ஜீவன் பார்த்திருக்காது. நானே படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது, பதில் வரவில்லை.

நாள் போகப் போக அவன் முழங்கால் வீங்கிக்கொண்டே போனது. தொண்டூருக்குப் போனேன். ஆனந்தராஜ் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். ராஜாங்கம் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டார்.

"ரெண்டு எழுத்துதானே தம்பி உட்டுப்போச்சு," என்றார். "அதச் சேத்து மறுபடியும் போடச் சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரியாத ஆளா?"

எனக்கு யாரையும் தெரியாது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்.

"உடு நைனா," என்றான் ஆனந்தராஜ். பிறகு என்னைப் பார்த்து, "காலு மடங்கவே மாட்டேங்குதுண்ணா. இனிமே ஆட்டம் இல்ல. ஓய்வுன்னே எழுதிடுங்க. ஆனா நான் ஆடுனதெல்லாம் போட்டு, பெருசா எழுதுங்க," என்றான்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஆடியது, முதல் ஆட்டத்துக்கு ராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றது, எல்லாவற்றையும் எழுதினேன். அதைவிட நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டுக் குருவுக்குப் போன் போட்டேன்.

"படிச்சேன் சார், நல்லாதான் இருக்குது," என்றான். "ஆனா ஆனந்தராஜ் ஓய்வுதான் அன்னைக்கே வந்துடுச்சே. இது பழைய நியூஸ் சார்."