ஆயிரத்தொன்பது ஊசி

மங்கலம் ரோட்டு பனியன் கம்பெனியின் பின்னல் மெஷினுக்குப் புது சிலிண்டர் வந்த அன்று, 1966 ஆடியில், வட்டமாக நிற்கும் அதன் ஊசிகளை எண்ணிச் சரிபார்த்தவன் ஃபிட்டர் கிட்டுசாமிதான். ஆயிரத்தெட்டு என்றான். முதலாளி சிவசுப்பிரமணியம் பட்டறையில் சொல்லி, ஊசி நிற்கும் காடிகளை வெட்டவைத்த எண் அது. முருகனுக்கு அர்ச்சனையும் அத்தனை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று எதில் வகுத்தாலும் மீதி நிற்காது. கோடு போட்ட பனியனுக்கு அதைவிட வசதி கிடையாது.

ஏழு ஊசிக்கு ஒன்றைக் கழற்றினால் துணியில் நெடுகக் கோடு விழும். கழற்றினான். சுற்று முடிகிற இடத்தில் ஓர் ஊசி மிஞ்சி, துணி பல்லிளித்தது. எட்டுக்கு ஒன்று என்று மாற்றினான். அப்போதும் ஒன்று மிஞ்சியது. ஒன்பதுக்கும் அதே கதிதான். மத்தியானத்துக்குள் கோடு ஒழுங்காக வராவிட்டால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார் முதலாளி. பெண்டாட்டி மயிலாளுக்கு அது ஒன்பதாம் மாதம்.

எங்கேயோ ஓர் ஊசியை இரண்டு தரம் எண்ணுகிறோம் என்று அவனுக்குச் சந்தேகம். கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டு, ஒவ்வொரு ஏழாவது ஊசிக்கும் சாக்பீஸால் பொட்டு வைத்துக்கொண்டே போனான். ஒரு சுற்று முடிந்தும் நிறுத்தவில்லை. பொட்டின்மேல் பொட்டு விழும்வரை விடுவதில்லை என்று வீம்பு. விழவே இல்லை. ஏழு சுற்று சுற்றி, புறப்பட்ட ஊசிக்கே வந்து நின்றபோது, ஒன்று விடாமல் எல்லா ஊசிக்கும் ஒற்றைப் பொட்டு.

நிதானமாக எண்ணினான். ஆயிரத்தொன்பது. அப்போதுதான் உறைத்தது. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்னாமல் 'லாபம்' என்பார்கள், அடுத்தது இரண்டு. சிலிண்டர் வந்த அன்றைக்கு இவனும் பக்தியாக 'லாபம்' என்று தொடங்கி, அடுத்த ஊசிக்கு 'ஒன்று' சொல்லியிருக்கிறான். பட்டறைக்காரர்கள் கூடுதலாக வெட்டிய ஒரு காடி அந்த லாபத்துக்குள் மறைந்துவிட்டது.

சிமெண்டுத் தரையில் வகுத்துப் பார்த்தான். பதினொன்று, பதிமூன்று, பதினேழு என்று முப்பத்தொன்று வரை எதற்கும் மசியவில்லை. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினால் அந்த எண்ணையே தாண்டிவிடும். அதற்குமேல் தேடவே வேண்டியதில்லை. எட்டாவதில் படித்த பகா எண். ஏழு, பதினொன்று என்று சில்லறையாகத்தான் அவன் பார்த்திருக்கிறான். இவ்வளவு பெரியது எண்ணெய் வழியத் தன் கண்முன் நிற்குமென்று நினைத்ததில்லை. உடம்பு சிலிர்த்தது. வேலை போகப்போகிறது என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

முதலாளி வந்தார். எண்ணியதில் தப்பு தன்னுடையதுதான் என்று ஒளிக்காமல் சொன்னான்.

"நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. எத்தனை தாண்டிப் போனாலுஞ் சரி, எல்லா ஊசியையும் தொடாம மொத ஊசிக்குத் திரும்ப முடியாதுங்க."

அவர் பன்னிரண்டு என்றார். அவனை நம்பாமல், பூஜைத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்துத் தானே பொட்டு வைத்துக்கொண்டு போனார். பன்னிரண்டாவது சுற்றில், வெள்ளைப் பொட்டு ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு ஏறி, தொடங்கிய ஊசியில் வந்து முடிந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இதுல கோடு வேண்டாம். சாதாத் துணி ஓட்டு," என்றார் கடைசியில்.

வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளன வந்துரு கிட்டு. பத்தொம்பது போட்டுப் பாக்கலாம்."