என்ஜின் அறை மூடி

பத்ரிநாராயணன் வீட்டின் கீழ்த்தளத்து அறைகள் இரண்டையும் அந்தத் தெருவில் கப்பல் மியூசியம் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் அவர் கையால் செய்த சின்ன மாதிரிகள். உண்மையில் அங்கே கப்பல்களைவிட டாங்கிகளும் ராணுவ லாரிகளும்தான் அதிகம். ஆனால் பதினைந்து வருஷம் கடற்படையில் என்ஜின் மெக்கானிக்காக இருந்த மனுஷர் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சனியும் ஞாயிறும் பத்து மணிக்குத் திறப்பார். டிக்கெட் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பாக்கள் வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்டுவிட்டு முண்டகக்கண்ணி அம்மன் கோயில் ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார்கள்.

ஜைதூன் பீ அப்படி வந்தவள் இல்லை. ஐம்பது ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கறுப்பு புர்கா, கையில் ஒரு துணிப்பை. மூன்று சனிக்கிழமைகளாகத் தனியாக வந்தாள். இரண்டாவது அறையில் ஜன்னலோரம் நாலடி நீளத்தில் ஒரு போர்க்கப்பல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் முன்னால் மட்டும் அரைமணி நேரம் நிற்பாள். மற்ற எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். போகும்போது ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் பத்ரிநாராயணன் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். வெள்ளைச் சீருடையில் இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள். பின்னால் துறைமுகத்தில் ஒரு கப்பல். பத்ரிநாராயணனுக்கு அதன் புகைபோக்கியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குள் இருப்பது அதே கப்பல்தான். அதில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்ஜின் அறையில் தீப்பிடித்து மூன்று பேர் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அவர் சாப்பிடவில்லை.

போட்டோவில் இடதுபக்கம் நின்றவன் அவள் மகன் ஹஸன். சைதாப்பேட்டையில் தையல் மெஷின் வைத்துத் துணி தைத்து அவனையும் அவன் தங்கை ஜுவேரியாவையும் வளர்த்திருக்கிறாள். ஹஸன் பன்னிரண்டு முடித்ததும் தானாகவே எழுதிப்போட்டுக் கடற்படையில் சேர்ந்தான். தீயில் போனபோது வயது இருபத்துமூன்று. உடலைப் பெட்டியில் மூடி முத்திரை வைத்துக் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டக்கூட முடியவில்லை. பெட்டியோடு அப்படியே அடக்கம் செய்தார்கள். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி அது ஒரு விண்ணப்பம் மாதிரி ஆகியிருந்தது.

நான்காம் வாரம் வந்ததும் நேராகக் கேட்டாள்.

“சார், இதுல அவன் எங்க இருந்தான்?”

பத்ரிநாராயணன் கண்ணாடியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். புகைபோக்கிக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே திறந்து காட்ட முடியுமா என்றாள். முடியாது, இது முழுக்க மரம், உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். ஏழு மாதம் உட்கார்ந்து செய்த கப்பல் அது. உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது ஏனோ அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அப்ப வாசல்? எப்டி ஏறி வருவாங்க?”

மேல்தட்டில் ஒரு கடலைப் பருப்பு அளவுக்கு வட்டமாக ஒரு மூடி இருந்தது. அதைக் காட்டினார். இரும்பு மூடி, மேலே ஒரு சக்கரம் இருக்கும், அதைச் சுற்றினால் இறுகிக்கொள்ளும் என்றார். அதற்குமேல் சொல்லியிருக்க வேண்டாம், சொன்னார். தீப்பிடித்தால் மூடியை இறுக்கி உள்ளே வாயுவைத் திறந்துவிடுவார்கள். காற்று இல்லாவிட்டால் தீ அணைந்துவிடும். கப்பலைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நடுக்கடலில் ஒருமுறை கீழே புகை கிளம்பியபோது அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். கீழேயிருந்த நாலு பேரும் ஏறி வந்துவிட்டார்கள். நாலாவது ஆளின் தலை தெரிந்தபோது அவர் கை மூடியைப் பாதி சாய்த்திருந்தது. அவர் மனைவிக்குக்கூட இது தெரியாது.

“உள்ளருந்து தட்டுனா வெளில கேக்குமா சார்?”

“கேட்காதும்மா. என்ஜின் சத்தம் அப்படி. பக்கத்துல நின்னு கத்தினாக்கூடக் கேட்காது.”

ஜைதூன் பீ பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

“என்ஜின அமத்துன பொறவுதான் மூடுனாங்கன்னு லெட்டர்ல கீதே சார். எம் பொண்ணு படிச்சி சொல்லுச்சி.”

பத்ரிநாராயணன் லெட்டரை வாங்கினார். படித்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. பக்கத்து அறையில் யாரோ ஒரு குழந்தைக்கு டாங்கியின் பெயரைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்கும்மா,” என்றார் கடைசியில். “தட்டினா கேட்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் புதிய செய்தி இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. போட்டோவில் வலதுபக்கம் நின்றவனைக் காட்டினாள். ஸ்ரீவத்சன், ஆதம்பாக்கத்துப் பையன், ஹஸனோடு ஒரே நாளில் சேர்ந்தவன். லீவில் இருவரும் ஒன்றாகத்தான் வருவார்கள். பெருநாளைக்கு அவனுக்கென்று தனி அடுப்பில் தக்காளி சாதம் செய்வாளாம். அடக்கம் முடிந்து மூன்று மாதம் கழித்து அவன் போன் செய்தான். “அம்மா, அவன் தட்டுனாம்மா” என்று சொல்லிவிட்டு அழுதான். வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

“மூடி கிட்ட யாரு நிப்பாங்க சார்?”

“அந்த நேரத்துல யார் பக்கத்துல இருக்காளோ அவாதான். யாரும் விரும்பி நிக்கறதில்லை.”

அவள் போட்டோவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “மூடாம வுட்டிருந்தா?” என்றாள்.

கப்பலே போயிருக்கும் என்றார். அதில் நூற்றைம்பது பேருக்குமேல் இருந்தார்கள். அந்தக் கணக்கை ஒரு தாயிடம் சொல்வது எவ்வளவு அசிங்கமான காரியம் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் தன் போனில் ஒரு நம்பரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“என் நம்பர்னா எடுக்க மாட்டேங்குது சார் அந்தப் புள்ள. உங்க போன்லருந்து போடுங்க.”

அவருக்கு வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் என்ன காரணம் சொல்லி மறுப்பது? நம்பரை அழுத்தினார். நாலாவது மணியில், “ஹலோ” என்று ஒரு இளம்குரல் கேட்டது. அவர் பேசாமல் போனை அவள் கையில் கொடுத்தார்.

அவள் காதில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றது, யார் பேசறது என்றது. அவள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் மிகவும் மெதுவாக, “அம்மா, நீங்களா?” என்றது. எதிரே நின்ற பத்ரிநாராயணனுக்கே அது கேட்டது.

அவள் போனை அவர் கையில் திணித்துவிட்டாள். அவர் வாங்கும்போதே இணைப்பு அறுந்திருந்தது. உடனே அதே நம்பரிலிருந்து மணி அடித்தது. அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அது அடித்து அடித்து நின்றது. அவள் லெட்டரையும் போட்டோவையும் பையில் வைத்துக்கொண்டு, வரேன் சார் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போனாள்.

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை அவர் எடுத்தார்.

“சார், அம்மா இருக்காங்களா?”

இப்போதுதான் போனார்கள் என்றார்.

“அவங்களுக்குத் தெரியுமா சார்?”

பொய் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்ட வாய் அது. தெரியும் என்று சொல்லிவிட்டார். நானும் அந்த மூடிகிட்ட நின்னிருக்கேன்பா, உன் மேல தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டான். திருப்பிக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப் என்றது. ராத்திரி கூப்பிட்டார், மறுநாள் கூப்பிட்டார். அந்த வாரம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. மனைவி சுப்புலக்ஷ்மி, “ஏன் இப்படி போனையே பாத்துண்டு உக்காந்திருக்கேள்?” என்று கேட்டாள். அவளிடம் எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒன்றுமில்லை என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஜைதூன் பீ வரமாட்டாள் என்றே நினைத்திருந்தார். பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு அவன் மேல கோவம் இல்லன்னு சொன்னீங்களா சார்?”

“நீங்க சொல்லச் சொல்லலையேம்மா.”

“ஆமா,” என்றாள். “இல்லன்னு எனக்கே தெரில சார். ஒரு நாளு இல்ல. ஒரு நாளு கீது. இத எப்டிச் சொல்லுவீங்க?”

அவனுடைய அம்மா அப்பா ஆதம்பாக்கத்தில் எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். கல்லூரியில் சேர்ந்த ஸ்ரீவத்சனின் தங்கையின் படிப்புக்காகக் குடும்பமே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டது என்றாள். எங்கே என்று தெரியவில்லை. கடற்படையில் பழைய சிநேகிதர் ஒருவரை விசாரித்ததில், அந்தப் பையன் நீண்ட லீவில் இருப்பதாக மட்டும் சொல்லி, இதில் எல்லாம் நீ ஏன் தலையிடுகிறாய் என்று கேட்டதையும் அவர் சொன்னார்.

இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்றாள். போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்சமயம் ஸ்விட்ச் ஆஃப் செய்துள்ளார் என்று ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது, பிறகு இங்கிலீஷில் சொன்னது. ஜைதூன் பீ கடைசிவரை கேட்டாள். இன்னொரு தடவை என்றாள். வாசலில் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் போட்டார்.