குழிக்குள்ளிருந்து ஒரு குரல்

டமால் என்று தலைக்கு மேலே ஏதோ விழுந்தது. லிஃப்ட் குழிக்குள் குனிந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இருக்கியா?" என்று கத்தினார்.

"இருக்கேண்ணே. டூல் பெட்டி கை தவறிடுச்சு." தரைத்தளக் கதவருகே நின்ற கூட்டாளியின் குரல். தடித்த கண்ணாடிக்காக அவனை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை, குழிக்குள் இருப்பவர் குரல் கொடுப்பார். மேலே நிற்பவர் பதில் சொல்வார். இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக்குக்கு அந்த இரண்டே தாராளமாக இருந்தது. இந்த நான்கு மாதமாகத்தான் இந்தப் பாடு. இரும்புக் கூண்டு மூன்றாம் மாடியில் நிற்பது தெரியும். ஆனாலும் உச்சந்தலையை நோக்கி இறங்கிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டர் சோதித்துப் பார்த்து, "இதயம் கல்லு மாதிரி இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

"முடியலைன்னா சொல்லுங்க, ஸ்டோர்ல உட்கார வச்சிடறோம்" என்று மேலதிகாரி நேற்றே சொல்லியாகிவிட்டது. இன்று மாலைக்குள் இந்த மருத்துவமனை லிஃப்ட்டை ஓட்டிக் காட்டாவிட்டால், அவருக்கு ஸ்டோர் நாற்காலிதான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இருக்கியா?"

"எங்கண்ணே போகப்போறேன்? ஸ்கூல்லகூட ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க."

அடுத்த முறை பதில் இல்லை.

மீண்டும் கூப்பிட்டார். இல்லை. சுவர்கள் நான்கும் நெருங்கி வந்தன. கம்பிக் கயிறு அசைந்ததா, அசையவில்லையா? ஸ்பானரைப் போட்டுவிட்டு ஏணியைப் பாய்ந்து பிடித்தார். கால் வழுக்கியது. முழங்கால் சிராய்க்க, தவழ்ந்து வெளியே வந்து விழுந்தார்.

சோடாபுட்டி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். "என்னண்ணே ஆச்சு? தண்ணி பிடிக்கத்தான் போனேன்."

"கூண்டு இறங்கியிருந்தா?"

"எப்படி இறங்கும்? மெயின் சுவிட்சைப் பூட்டினதே நீங்க. சாவி உங்க பாக்கெட்டுல இருக்கு."

தொட்டுப் பார்த்தார். இருந்தது. அவர் திறக்காமல் அந்தக் கூண்டு ஓரங்குலம் நகராது. புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

"சொன்னா கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றபடி சோடாபுட்டி பக்கத்தில் உட்கார்ந்தான். "லிஃப்ட்டைப் பார்த்துப் பயம்னா, லிஃப்ட் எங்க நிக்குதுன்னுதானே கேட்கணும்? ஒரு தடவைகூட நீங்க அதைக் கேட்கலை. நான் இருக்கேனான்னுதான் கேட்கறீங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது.

நான்கு மாதத்துக்கு முன்னால்தான் அவர் மனைவி வங்கியில் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட்டுக் கையாட்டியவர் அவர்தான். வாரக்கடைசி வந்தால் "வரட்டுமா?" என்று கேட்பாள். "எதுக்கு அலையறே, எனக்கென்ன குறைச்சல்?" என்பார். அப்படிச் சொல்வதுதான் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்திருந்தார். நாளடைவில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

மணி மூன்று. குழி வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. இறங்கத்தான் வேண்டும், நினைத்தாலே வியர்த்தது. போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"என்னங்க இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

'ஒண்ணுமில்லை' என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இந்த வாரம் வந்துட்டுப் போறியா? நீ போன நாள்லேர்ந்து வெளக்கை அணைக்காமத்தான் படுக்கறேன்."